எத்தனாவது சுத்து

"யம்மா, உனக்கு எத்தனாவது சுத்து?"

கண்ணைத் திறந்தேன். கோயில் வெளிப் பிரகாரத்தில் தூணில் சாய்ந்து அசந்துபோயிருந்த என் பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். முந்தானையெல்லாம் வெள்ளை நூல் துணுக்குகள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தையைக் கடைசியாகச் சொன்னவர் என் அப்பா. "பொம்பளப் புள்ள தனியா ஊர் சுத்தப் போறியா?"

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு நடந்தே போகிறேன் என்று வீம்பாகக் கிளம்பியவள் நான். அன்று பத்தாவது நாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கிடந்தது. போதும்டா சாமி என்று, கையில் இருந்த பணத்தில் முக்கால்வாசியைக் கொடுத்து, வீடு திரும்பச் சாயங்கால ரயிலுக்குத் தாம்பரம் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ரயில் வரும்வரை நிழலில் உட்காரத்தான் கோயிலுக்குள் வந்தேன்.

"ஒரே சுத்துதான்க்கா. காஷ்மீர் வரைக்கும்" என்றேன் எரிச்சலோடு.

அவள் சிரிக்கவில்லை. விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள்.

"அது நூத்தெட்டுக்கு மேல வரும்லா?"

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ஆடித்தபசுக்குக் கொடி ஏறியிருந்தது. ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மன் ஒற்றைக் காலில் தபசு நிற்கிறாளாம். சுற்றுகிறவர்கள் அவள் கால்வலியில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கிறார்களாம். அதற்குப் பதிலாக வேண்டியதை அவள் கொடுப்பாளாம். என் காலையும் பையையும் பார்த்து நானும் அந்தக் கூட்டம்தான் என்று இந்த அம்மாள் நினைத்துவிட்டாள்.

அவள் பெயர் பாலம்மாள். விசைத்தறி செட்டில் தார் சுற்றுகிற வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் குச்சி குச்சியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

"செட்டுல தார் சுத்துதேன். இங்கன கோயிலச் சுத்துதேன். நமக்குத் தெரிஞ்ச தொழில் அதுதானம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, நீ யாருக்கு வேண்டி நடக்கே?"

பத்து நாளாக எல்லோரும் எதற்கு என்றுதான் கேட்டார்கள். வள்ளியூர் பெட்ரோல் பங்க்கில் படுக்க இடம் கொடுத்தவர் கேட்டார். தேவர்குளத்தில் இட்லிக்குக் காசு வாங்காத அக்கா கேட்டாள். எல்லோரும் நல்லவர்கள், அவர்கள் புண்ணியத்தில்தான் இதுவரை வந்தேன். ஆனால் யாருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"யாருக்கும் இல்லக்கா. எனக்குத்தான்."

சொல்லும்போதே கூசியது. இன்னும் மூன்று மணி நேரத்தில் ரயிலேறப் போகிறவள் பேசுகிற பேச்சா அது?

"அப்ப உனக்கு வேண்டிச் சுத்துததுக்கு ஆளு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் தூக்குச்சட்டியைத் திறந்து, புளிச்சோற்றில் பாதிக்கு மேல் மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். நான் சாப்பிட ஆரம்பித்ததும் என் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சாக்ஸை மெல்லக் கழற்றிவிட்டு, பையிலிருந்து வேப்பெண்ணெய்க் குப்பியை எடுத்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் கால், பத்து நாள் ரோட்டு அழுக்கு. அவள் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. புளிச்சோற்றில் மிளகாய் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீங்கள் யாருக்குச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். வெளியே சொன்னால் பலிக்காது என்று சிரித்தாள்.

எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஏதோ காய்கறி விலை சொல்வது மாதிரி சொன்னாள்.

"ஏட்டி, இன்னைலேர்ந்து என் சுத்து உனக்கு. தெனமும் மூணு. தபசு முடிஞ்சாலும் விட மாட்டேன். போயிச் சேந்துட்டு வந்து சொல்லு, அப்பதான் நிறுத்துவேன்."

பதறிப்போய் போன் நம்பர் கேட்டேன். போன் கிடையாதாம். நேரில்தான் வர வேண்டுமாம்.

அக்கா, நான் டிக்கெட் எடுத்துவிட்டேன், எனக்காக ஒன்றும் சுற்ற வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறைய அவள் சோறு. அதை விழுங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

எழுந்தாள் என்றா சொன்னேன்? தூணை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை மேலே இழுத்து நிறுத்தினாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி விறைத்துப்போயிருந்தது. அந்தக் காலைத் தரையோடு இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். ஓடுகிற பிள்ளைகள் அவளைச் சுற்றி விலகிப் போனார்கள்.

அவள் இதுவரை எதற்கு வேண்டிச் சுற்றினாள் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் திரும்பி வரட்டும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று காத்திருந்தேன். மற்றவர்கள் நாலைந்து தடவை வந்து போனார்கள். அவளைக் காணோம். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

வந்தாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. நிற்கவில்லை. என்னைக் கடக்கும்போது முகமெல்லாம் பல்லாக ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள்.

"ஒண்ணு!"

நான் பையைத் தூக்கித் தோளில் மாட்டினேன். காஷ்மீருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து இவளிடம் சொல்ல, எவ்வளவு வேகமாக நடந்தாலும் ஐந்து மாதம் ஆகும்.

வாசல் பூக்கடையில், வடக்கே நடக்க ராஜபாளையம் ரோடு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.