டூர் உத்தியோகம்

“லக்ஸம்பர்க்ல வேலை கிடைச்சிருக்கு. நாடு முழுக்க டூர் அடிக்கணும்” என்று ரகு சொன்னதுமே ஷ்யாமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் மகள் கண் விழிக்கும் முன்பே நியூயார்க் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன், அவள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்புகிறான். இரண்டு வயது ஸ்ம்ருதி ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பார்த்து “ஹாய், அங்கிள்!” என்கிறாள்.

“இப்ப இருக்கிற லட்சணம் போதாதா? டூர் வேறயா?”

“பிரெஞ்சு, ஜெர்மன், அப்புறம் அந்த ஊர் பாஷை. மூணும் கத்துக்கணும்.”

“கத்துக்கிட்டு ஹோட்டல் ரூம்ல தனியாப் பேசிட்டிருங்க! நாங்க வரலை.”

ரகு அட்லஸை விரித்து, லக்ஸம்பர்க் மேல் சுண்டுவிரலை வைத்தான். நாடு காணாமல் போயிற்று.

“தினமும் இங்கேருந்து நியூயார்க் போறேனே, அந்தத் தூரம்தான் மொத்த நாடும். எங்கே டூர் போனாலும் ராத்திரி சாப்பாடு நம்ம வீட்லதான். பல நாள் மத்தியானச் சாப்பாடும்!”

ஷ்யாமளா அவன் விரலை விலக்கி நாட்டைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் குழந்தையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள்.

“ஸ்ம்ருதிக் குட்டி, அங்கிள் இனிமே நம்ம வீட்லயே தங்கப் போறாராம்டி!”