மெத்தையில் கோளாறு

முதுகு வலி என்று புகார் சொல்ல வந்தவர், மெத்தையைச் சுருட்டித் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு வந்தார். அது தரையில் இழுபடாமல் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் அவர் மனைவி.

மெத்தைக் கடை சேல்ஸ்மேனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன சார் பிரச்சினை?”

“போன மாசத்துலேருந்து ஒரே வலி. கழுத்து திரும்ப மாட்டேங்குது, இடுப்பு நிமிர மாட்டேங்குது. மெத்தையிலதான் ஏதோ கோளாறு. திருப்பி எடுத்துக்குங்க.”

“தவணையில வாங்கி, மாசக்கணக்கா படுத்துப் புரண்டுட்டு, இப்பத்தான் கோளாறு தெரிஞ்சுதா?”

மனிதர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

சேல்ஸ்மேன் மெத்தையை விரித்தார். கையால் அழுத்தினார், முழங்காலால் இடித்தார். ஏறிக் குதிக்காத குறைதான். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை.

“சார், ஓசியில தூங்கிட்டுத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு இது என்ன லாட்ஜா? மெத்தை கல்லு மாதிரி இருக்கு.”

“அதைத்தான் நானும் சொல்றேன். கல்லு மாதிரிதான் இருக்கு!”

“ஐயோ, நான் உறுதியைச் சொன்னேன் சார்!”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து முதலாளி வந்தார். காசு விஷயத்தில் கறார் பேர்வழி. காலி அட்டைப் பெட்டியைக்கூட எடை போட்டுத்தான் வெளியே விடுவார். ஆள் தொலைந்தார் என்று சேல்ஸ்மேன் ஒதுங்கி நின்றார்.

முதலாளி அந்த மனிதரை ஒரு பார்வை பார்த்தார். தலை குனிந்து நின்ற அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

“இருங்க, நானே படுத்துப் பார்த்துடறேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டி நிமிர்ந்து படுத்தார். கண்ணை மூடினார். அப்புறம் கடையே அதிரும்படி ஒரு குறட்டை.

“முதலாளி!”

திடுக்கிட்டு எழுந்தவர், சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “அம்மாடி, உயிர் போகுதே! சார் சொல்றது சரிதான்ப்பா. மெத்தையில கோளாறு!”

சேல்ஸ்மேன் வாயைப் பிளந்தார்.

கட்டிய தவணை மொத்தத்தையும் முதலாளி எடுத்துக் கொடுத்தார். “மன்னிச்சுக்குங்க சார், தப்பு எங்க மேல” என்று ஒரு கும்பிடு வேறு. தன் கமிஷன் வாசற்படி தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த சேல்ஸ்மேனுக்கு வயிறு எரிந்தது.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு போன் வந்தது.

“சார், இப்ப வெறும் தரையிலதான் படுக்கிறேன். முதுகு வலி போன இடம் தெரியல! முதலாளிகிட்ட சொல்லிடுங்க.”

சேல்ஸ்மேனுக்குத் தலை சுற்றியது. நேராக முதலாளியிடம் போனார்.

“நிஜமாவே மெத்தையிலதான் கோளாறா முதலாளி? நீங்க குறட்டை விட்டீங்களே!”

“தங்கமான மெத்தைப்பா அது” என்றார் முதலாளி. “நம்ம கடை நோட்டீஸ் அடிச்ச அச்சகத்துலதான் அவர் வேலை பார்த்தார். போன மாசம் அதை இழுத்து மூடிட்டாங்க. இனிமே தவணை கட்ட முடியாதுன்னு சொல்ல மனுஷனுக்கு நாக்கு எழல. பாவம், அந்தப் பாரம் அப்படியே முதுகுல இறங்கிடுச்சு.”