மேலே போன ‘ஐயோ’

தரையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த கீழ்க்காற்றுக்கு ஒரு குன்றில் கால் தடுக்கியது. “ஐயோ, தடுக்கிடுச்சு!” என்று கத்தியது. அந்தக் கத்தல் அலையாக மேலே கிளம்பியது. ஏற ஏறச் சுற்றிலும் காற்று மெலிந்தது, அலை பெருத்தது. வருஷக்கணக்காகக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்த உச்சிக்காற்றின் மேல் இடிபோல உடைந்தது.

யாருக்குத் தடுக்கியது என்று உச்சிக்காற்று கேட்கவில்லை. “சகுனம் சரியில்லை. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்” என்றது. அந்த உயரத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆகவே மேற்கே திரும்பிவிட்டது.

கீழ்க்காற்று அண்ணாந்து பார்த்தது. தனக்குத் தடுக்கியதை அது எப்போதோ மறந்துவிட்டது.

“பெரியவரே திரும்பிட்டாரு! காரணம் இல்லாமலா திரும்புவாரு?” என்று பதறி, தானும் திரும்பி ஓடியது.

“பார்த்து வாங்க” என்றது குன்று.

“ஐயோ!”