சமத்துப் பிள்ளை

குழந்தையின் இரண்டு கால்களையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் மூத்திரம் பிடிக்கும் சின்ன டப்பாவை ஏந்தியபடி டாக்டரம்மாவின் அறையில் நின்றாள் அவள்.

முக்கினான். முகம் சிவந்தது. ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

பிறந்ததிலிருந்து இப்படித்தான். காய்ச்சல் வரும், மருந்து கொடுத்தால் போகும், மறுபடி வந்து நிற்கும்.

பல் முளைக்கிற காய்ச்சல் என்றாள் மாமியார். மூன்று மாதக் குழந்தைக்கு என்ன பல்? பால் சேரவில்லை என்றாள் நாத்தனார். தெருமுனை டாக்டரோ தொட்டுக்கூடப் பார்க்காமல் சிரப் எழுதினார். மூத்திரத்தைப் பரிசோதித்துப் பார்க்க ஒருத்தருக்காவது தோன்றியதா?

இதில் பெருமை வேறு. "என் பேரன் சமத்து. மத்த ஆம்பளப் பிள்ளைங்க தூக்கினவங்க மூஞ்சியிலயே அடிக்கும். இவன் ஒருத்தர் சட்டையைக்கூட நனைச்சதில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமியார் அளந்துகொண்டிருந்தாள்.

அது சமத்து இல்லை, போக முடியாமல் திணறுகிறான் என்று இவள் சொன்னதற்கு, நேற்றுப் பெற்றவள் எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று வாயை அடைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் அவள் பக்கம் நின்ற ஒரே ஆள் புருஷன்தான். இன்று காலையில் அம்மாவோடு மல்லுக்கு நின்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் அவன்தான். முதலில் சிறுநீரகத்தைப் பாருங்கள் என்று டாக்டரம்மாவிடம் விவரமாகச் சொன்னதும் அவன்தான். இப்படி ஒருத்தன் வாய்த்தானே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, சற்று முன் எடுத்த ஸ்கேன் படத்தை டாக்டரம்மா காட்டினார்.

மூத்திரம் வரும் வழியில் பிறவியிலேயே ஒரு சவ்வு அடைத்திருக்கிறது. வெளியேற முடியாமல் மேலே ஏறி, கிருமி சேர்ந்து, ஒரு சிறுநீரகம் முக்கால்வாசி கெட்டுவிட்டது. ஆபரேஷன் செய்தால் இன்னொன்றைக் காப்பாற்றப் பார்க்கலாம். பிறந்தவுடனே வந்திருந்தால் இரண்டுமே தப்பித்திருக்கலாம்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒவ்வொருத்தரையும் இழுத்து வந்து இந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

"வயித்துல இருக்கும்போதே சிறுநீரகம் வீங்கியிருக்குமேம்மா. ஸ்கேன் எடுத்தவங்க சொல்லலையா?"

"இல்ல டாக்டர். இவர்தான் உள்ள போய்க் கேட்டுட்டு வந்தாரு. எல்லாம் நல்லா இருக்குன்னாங்களாம்."

சொல்லும்போதே கோபம் தலைக்கேறியது. பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்ட பாவி எவன்? சும்மா விடக்கூடாது. புருஷன் சத்தம் போடட்டும், இந்தக் கட்டிடமே அதிரட்டும் என்று அவன் பக்கம் திரும்பினாள்.

அவன் குனிந்து குழந்தைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தான். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டான்.

"பொறந்ததும் கொண்டுவந்து காட்டச் சொன்னாங்க" என்றான். "நீ பயந்துடுவேன்னுதான்... அப்புறம் பாத்தா நல்லாத்தானே இருந்தான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

அவள் அவன் கையிலிருந்து குழந்தையை வாங்கவில்லை, பிடுங்கினாள். நாற்காலியை இழுத்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் எப்ப டாக்டர்? இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்டச் சொல்லுங்க."