தம்பி வீடு திரும்பும் காட்சி

ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் கேட்டால் படம் மாறியாக வேண்டும் என்பது சட்டம். வெளியான நான்காம் நாளே கிளைமாக்ஸ் மாறிவிட்டது. லாரி மோதிச் செத்த தம்பி இப்போது எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

இயக்குநர் அமுதவல்லி தியேட்டர் வாசலில் ரசிகர் மன்றத் தலைவர் ஜெபராஜை மறித்தாள்.

"அது என் தம்பிய்யா. நிஜமாவே செத்தவன். அதை மாத்த நீங்க யாரு?"

"டிக்கெட் வாங்கினவங்க, மேடம். தலைக்கு ஒரு ஓட்டு. உங்களுக்கும் ஒண்ணு இருந்துச்சுல்ல?"

"என் கதையில எனக்கு ஒரே ஒரு ஓட்டா?"

"எடுத்துக் குடுத்ததோட உங்க வேலை முடிஞ்சுது. வழிய விடுங்க."

கூட்டம் ஊளையிட்டது. எவனோ வீசிய தண்ணீர் பாட்டில் அவள் தோளில் பட்டு விழுந்தது.

அடுத்த காட்சிக்கான வரிசையில் அவளுடைய அம்மா நின்றிருந்தாள். முதல் நாள் படம் பார்த்ததிலிருந்து மகளிடம் பேசாதவள்.

"அம்மா, நீயுமா அவங்க பக்கம் ஓட்டுப் போட்ட?"

"லாரிக்காரன் அவனை ஒருதரம்தான் கொன்னான். நீ ஊரைக் கூட்டி வச்சு தினம் நாலு ஷோ கொன்ன," என்றாள் அம்மா. "தள்ளி நில்லு. அவன் வீட்டுக்கு வர்ற நேரமாச்சு."