காலைச் செய்தியில் ஒரு தடுமாற்றம்

சமையலறை ஜன்னல் வெயில் ரேடியோவின் மேலிருக்கும் தூசியைக்கூட விடாமல் காட்டிக்கொடுக்கிறது. பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கும் கையுமாக அவள் நிற்கிறாள். செய்தி வாசிப்பது அவளுடைய அண்ணன். அரசு வானொலியில் அமைச்சர் வாய் திறந்தால் ‘விளக்கினார்’, எதிர்க்கட்சித் தலைவர் வாய் திறந்தால் ‘கூச்சலிட்டார்’. வரிப்பணம் மட்டும் எல்லாருடையதா என்று போன வாரம் தன் பத்திரிகையில் அவள் வெளுத்து வாங்கியிருந்தாள். செய்தியை எழுதிக் கொடுப்பது யாரோ. ஊருக்குத் தெரிவது அண்ணனின் குரல்தான். “என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா” என்று போனை வைத்தவர், அதன் பிறகு பேசவே இல்லை. இப்போது அந்தக் கணீர்க் குரல், குழாய் சொட்டும் சத்தத்துக்கு மேலே, பாலம் கட்டுவதில் ஏன் தாமதம் என்று அமைச்சர் ‘விளக்கியதை’ வாசிக்கிறது. அவள் கத்தியைக் கீழே வைக்கிறாள். “இதை மறுத்த எதிர்க்கட்சித் தலைவர், பாலம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது என்று கூ…” குரல் நிற்கிறது. தாள் சரசரக்கிறது. குழாய் ஒரு சொட்டு விடுகிறது, பிறகு இன்னொன்று. “…கூறினார்.” உள்ளறையில் சட்டைக்கு இஸ்திரி போடும் கணவன் சிரிக்கிறான். “என்ன, மச்சான் இன்னைக்குத் தடுமாறிட்டாரு?” ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அவள் ரேடியோவின் பக்கத்தில் போய் நிற்கிறாள். “தடுமாறல” என்கிறாள். அண்ணன் அடுத்த செய்திக்குப் போய்விட்டார். எழுதிக் கொடுத்ததை மாற்றி வாசித்தவரை நாளைக்கும் வாசிக்க விடுவார்களா என்று நினைத்தபடி அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறாள்.