விசாரிக்க வந்தவர்

“பையன் குடிப்பானுங்க. பொண்ணு குடுக்காதீங்க.”

பானுமதி சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டு, கோப்பையின் அடியில் வழிந்திருந்த பூச்சை ஈரப் பஞ்சால் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

விசாரிக்க வந்த பழமலைக்கு முகம் செத்துப்போயிற்று. பெண்ணாடத்துக்காரர். இந்த செராமிக் கம்பெனியில் சூளையில் சாமான் அடுக்கும் தமிழ்மணிக்குத் தன் மகள் பிரபாவைப் பேசி முடித்திருந்தார். பூ வைக்க நாள்கூடக் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால், வழக்கப்படி, பையன் வேலை செய்யும் இடத்தில் நாலு பேரைக் கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தவர், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பானுமதியிடம் கேட்டுத் தொலைத்தார்.

“நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?”

“பாக்காமயா சொல்றேன்? எம் பேரச் சொல்லியே நிறுத்துங்க.”

மற்றவர்கள் எல்லோரும் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். பத்துப் பேர் நல்லது சொன்னாலும், பெண்ணைப் பெற்றவர் காதில் கெட்டது சொன்ன ஒருத்தியின் குரல்தான் தங்கும். மறுநாளே கல்யாணம் நின்றது.

தமிழ்மணி பீடிகூடத் தொடாதவன். தீபாவளி போனஸ் வாங்கிய அன்று பாதிக் கம்பெனி தள்ளாடும்போது, இவன் மட்டும் நேராக நடந்து வீட்டுக்குப் போவான். அப்படிப்பட்டவன் மேல் வாய் கூசாமல் பழி போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“புருசன் செத்து எட்டு வருசமா தனியா கெடக்குறா இல்ல? இன்னொருத்தி கழுத்துல தாலி ஏறுனா அவளுக்கு ஆவல,” என்றாள் வேம்பு, பானுமதிக்குக் கேட்கும்படியாகவே.

தினமும் பானுமதியோடு குழம்பு மாற்றிச் சாப்பிடுகிறவள் இந்த வேம்பு. அன்று டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் எழுந்து போனார்கள்.

அந்த நேரம் பார்த்து தமிழ்மணியின் அம்மா ஆராயி உள்ளே வந்தாள். வந்தவள் குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

“எம் புள்ள உனக்கு என்னாடி பண்ணான்? கூடி வந்த கல்யாணத்த நிறுத்திட்டியே, நீ நல்லா இருப்பியா? உன் வூடு வெளங்குமா?”

மண் பானுமதியின் தலையிலும் சோற்றிலும் விழுந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோற்றைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும், நல்லா வேணும் இவளுக்கு என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

சாயங்காலம் வேலை விட்டு எல்லோரும் போனபிறகு தமிழ்மணி அவள் எதிரில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

“நான் குடிச்சு எப்பக்கா பாத்தீங்க?”

“பாக்கல.”

“பின்ன எதுக்கு அப்புடி ஒரு பொய்ய சொன்னீங்க?”

பானுமதி சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“கடலூரு ஆஸ்பத்திரியில, எச்.ஐ.வி. மாத்திரை குடுக்குற வரிசையில உன்ன பாத்திருக்கேன் தம்பி.”

தமிழ்மணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ரெண்டு வருசமா மாசாமாசம் பாக்குறேன். இந்த மூணு மாசமா ஆளக் காணோம். மாத்திரைய வுட்டுட்டியா?”

“கல்யாணம் பேச ஆரம்பிச்சிட்டாங்க... டப்பாவ யாராச்சும் பாத்துட்டா...”

“அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?”

இல்லையென்று தலையாட்டினான்.

“உள்ளதச் சொல்லியிருந்தா இந்த ஊர்ல உனக்கு ஒரு டீ குடுப்பாங்களா? தொட்டா வராது, கூட ஒக்காந்து சாப்புட்டா வராதுன்னு டாக்டரே வந்து சொன்னாலும் கேக்க மாட்டாங்க. குடிகாரன்னா நாலு மாசத்துல மறந்துடுவாங்க. அதான் அப்புடி சொன்னேன்.”

“அப்ப எனக்கு இனிமே கல்யாணமே கெடையாதாக்கா?”

“யாரு சொன்னா? மாத்திரைய ஒரு நாளும் வுடாத. ரத்தத்துல கிருமி தெரியற அளவுக்கே இல்லன்னு டெஸ்டு பாத்து டாக்டரு சொல்லட்டும். அந்த அளவுலயே வெச்சுக்கிட்டா கட்டிக்கிறவளுக்கு உங்கிட்டேருந்து வராது. அதுவரைக்கும் ஆணுறை இருக்குது. ஆனா எல்லாத்தையும் மொதல்ல அவளுக்குச் சொல்லு. கேட்டுட்டு அவ சரின்னு சொன்னா, நானே முன்ன நின்னு நடத்தி வெக்கிறேன்.”

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பானுமதி அவன் தோளில் கை வைத்தபடி நின்றாள்.

“எங்கம்மா உங்க தலையில மண்ணப் போட்டுச்சேக்கா... நான் போயி எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“ஒண்ணும் வேணாம். தலைக்கு ஊத்துனா மண்ணு போயிடும். நாளைக்கே கடலூருக்குக் கெளம்புற வழியப் பாரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது.

“நான் உங்கள அங்க பாத்ததே இல்லியே. நீங்க எதுக்குக்கா அங்க வந்தீங்க?”

பானுமதி சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“மாஸ்க்கு போட்டிருப்பேன், உனக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கு மாப்புள்ள பாத்தப்பவும் எங்கப்பா, எங்க வூட்டுக்காரரு வேலை செஞ்ச லாரி செட்டுல போயி விசாரிச்சாரு தம்பி. விசயம் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு அங்க இருந்தாங்க. வாயத் தொறக்கல.”